ராணிகேத் நோயும் கோழியின் கத்தரிக்கோலும்

வடநாட்டில் வந்து குடியேறிய தமிழர்களுள் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்கள், ராணிகேத் என்னும் பெயரை முதன்முதலில் ஒரு மலைநகரத்தின் பெயராகக் கேட்டிருக்கமாட்டார்கள். "ராணிக்கெட்டு வந்து பஞ்சாரமே காலியாகிவிட்டது" என்று பாட்டிமார் புலம்பியதைக் கேட்டே அப்பெயரை அறிந்திருப்பார்கள். பின்னாளில் குமாவுன் மலைப்பகுதிக்குச் செல்லும் பேருந்தின் நெற்றியில் அதே பெயரைக் கண்டு திகைத்தவர்களும் நம்மிடையே உண்டு. அல்மோரா மாவட்டத்தில், சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில், தேவதாரு மரங்களின் நடுவே அமைந்த எழிலார்ந்த ஊர் அது. அரசியின் வயல் என்பது அப்பெயரின் பொருள். அத்தகைய ஊர் ஒரு கொள்ளைநோய்க்குத் தன் பெயரைக் கொடுக்க நேர்ந்தது, அவ்வூர்க் கோழிகளின் தீயூழ் என்றே சொல்லவேண்டும்.

1926-ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கோழிகள் புதியதொரு நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டன. ஏறத்தாழ அதே காலத்தில் ராணிகேத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. அதற்கு அண்மையிலுள்ள முக்தேசுவரத்தில் அரசினர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்குப் பணியாற்றிய எட்வர்ட்ஸ் என்பார் 1928-இல் இந்நோயை விவரித்து எழுதினார். உலகோர் இதனை நியூகாசில் நோய் என்பர். இந்தியர் ராணிகேத் நோய் என்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வெள்ளைக்கழிச்சல் என்பர். இதனால் நமக்கு ஒரு பயனும் உண்டு. பீகாரிலோ குஜராத்திலோ கால்நடை மருந்தகத்திற்குச் செல்லும் தமிழ்ப் பெண்மணி வெள்ளைக்கழிச்சலை இந்தியில் எப்படிச் சொல்வதென்று திணறவேண்டுவதில்லை. ராணிகேத் என்ற ஒரு சொல் போதும், மருத்துவர் புரிந்துகொள்வார்.

நம் நண்பர் ஒருவர் சோட்டாநாகபுரிப் பகுதியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழ்ந்தார். அவர் மனைவியார் வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்த பணத்தில் பதினான்கு கோழிகளை வாங்கி வளர்த்தார். முட்டை விற்ற காசு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவிற்று. ஒருநாள் காலையில் இரண்டு கோழிகள் கொண்டையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து மூச்சுவாங்கி நின்றன. மாலையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் கண்டது. அம்மையார் கடையில் கேட்டு, பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துப்பொடியை வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தார். ஐந்தாம் நாள் முடிவில் மூன்று கோழிகளே மிஞ்சின. அவற்றுள் ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை வானத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. "மருந்து கொடுத்தும் ஏன் சாகவேண்டும்?" என்று அவர் நம்மிடம் கேட்டார். அன்று நம்மால் தெளிவான விடை கூற இயலவில்லை. அந்த விடையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

பாக்டீரியா என்பது தனக்கென்று உடலும் உலையும் உடைய உயிர். அதன் உறுப்புகளைத் தாக்கும் மருந்தைக் கொடுத்தால் அது மடியும். ராணிகேத் நோயை உண்டாக்குவதோ வைரஸ் என்னும் நச்சுயிர். அதற்குச் சொந்த உலை கிடையாது. சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட ஒரு மரபுச்செய்தி இழை, அதைச் சுற்றிச் சில புரதங்கள், மேலே கொழுப்பாலான மெல்லிய உறை ஆகியவையே அதன் உடைமை. ஆறே ஆறு மரபணுக்கள்! இத்துணை ஏழையான ஒரு பொருள், பல்லாயிரம் வகைப் புரதங்களையுடைய ஒரு கோழியை ஐந்து நாளில் எங்ஙனம் கொல்கிறது? தன் கைப்பொருளால் கொல்வதில்லை. கோழியின் புரதங்களையே தன் வேலைக்குப் பிடித்துக்கொள்கிறது. நண்பரின் மனைவியார் வாங்கிய மருந்து தாக்குவதற்குரிய இலக்கு எதுவும் அந்த வைரஸிடம் இல்லை.

வைரஸின் உறைமீது இருவகைப் புரதங்கள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றனை எச்.என். புரதம் என்றும், மற்றொன்றனை எஃப் புரதம் என்றும் விஞ்ஞானிகள் குறிப்பிடுவர். கோழியின் உயிரணுக்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் புரதங்களின்மேல் சர்க்கரைக் கிளைகள் முளைத்திருக்கின்றன. அக்கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற பொருள் அமைந்திருக்கும். எச்.என். புரதம் அதனைப் பற்றிக்கொள்கிறது. இதே புரதத்திற்கு அந்த அமிலத்தைக் கத்தரித்துவிடும் ஆற்றலும் உண்டு. உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்பொழுது, அதே கிளைகளில் மாட்டிக்கொள்ளாமல் விடுபட்டுச் செல்ல இவ்வாற்றல் துணைசெய்கிறது. பற்றிக்கொள்வதற்கும் விடுபடுவதற்கும் ஒரே கருவி!

பற்றிக்கொண்டால் மட்டும் போதாது, உள்ளே நுழையவேண்டும். அது எஃப் புரதத்தின் தொழில். வைரஸின் உறையையும் உயிரணுவின் உறையையும் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே வழி திறப்பது அதுவே. நோயின் மருமம் முழுவதும் ஏறக்குறைய இவ்விடத்தில் அடங்கியிருப்பதால், இங்குச் சற்று நின்று பார்ப்போம்.

எஃப் புரதம் 553 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. உயிரணுவினுள் உருவாகும்பொழுது அது வேலைசெய்யும் நிலையில் இருப்பதில்லை. உறையிலிட்ட கத்தியைப்போல் முடங்கிக் கிடக்கிறது. அம்மாலை, 116-ஆவது மணியை அடுத்து, ஓரிடத்தில் வெட்டப்படவேண்டும். வெட்டப்பட்டால், புதிதாக வெளிப்படும் முனை உயிரணுவின் உறையில் பாய்ந்து பதியும் கூர்மையைப் பெறுகிறது. வெட்டப்படாவிட்டால், அந்த வைரஸ் கோழியின் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும், உள்ளே நுழையாது. சாவி துவாரத்தில் நுழைந்தும் பூட்டுத் திறவாத கதைதான்.

அப்படியானால் வெட்டுவது யார்? வைரஸிடம் கத்தரிக்கோல் இல்லை. கோழியிடம் உண்டு. புரதங்களை வெட்டும் நொதிகள் கோழியின் உடலில் பலவகையாக இருக்கின்றன. அவற்றுள் ஒருவகை, டிரிப்சினை ஒத்தது. மூச்சுக்குழாயின் படலத்திலும் குடலிலும் சுரப்பது. மற்றொன்று ஃபியூரின் என்பது. இது உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் உள்ளே அமர்ந்து தொழில் புரிகிறது. அரைகுறையாய் உருவான பல புரதங்களைச் சரியான இடத்தில் நறுக்கிப் பக்குவப்படுத்துவது அதன் அன்றாடக் கடமை. அஃதின்றிக் கோழி வாழ இயலாது. நாமும் வாழ இயலாது.

ஒவ்வொரு கத்தரிக்கோலும் தனக்குரிய அடையாளம் கண்ட இடத்திலேயே வெட்டும். எஃப் புரதத்தில் வெட்டுமிடத்தின் முன்னே ஆர்ஜினின், லைசின் ஆகிய கார அமினோ அமிலங்கள் நெருங்கி நின்றால் ஃபியூரின் அதனை அடையாளம் கண்டு வெட்டிவிடுகிறது. அவை நெருங்கி நில்லாமல், இடையிடையே கிளைசின் போன்றவை புகுந்திருந்தால் ஃபியூரின் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள டிரிப்சின் இனத்து நொதிகள் மட்டுமே வெட்டும்.

இதன் விளைவைக் கருதிப் பாருங்கள். இரண்டாவது வகை வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயில் பெருகும், குடலில் பெருகும், அதற்கப்பால் சென்றால் வெட்டுவாரின்றி வீணாய்ப் போகும். கோழிக்கு இலேசான சளி உண்டாகலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலிருக்கலாம். முதல்வகை வைரஸுக்கோ எல்லாக் கதவும் திறந்த கதவு. கல்லீரல், மண்ணீரல், இதயம், மூளை என எங்குச் சென்றாலும் அங்குள்ள உயிரணுவே தன் ஃபியூரினால் அதற்குக் கூர் தீட்டித் தருகிறது. குடலில் குருதிக்கசிவும், கழிச்சலும், மூளை தாக்குண்டதால் கழுத்து முறுக்கலும் கால் முடக்கமும் அதனால்தான். ஜப்பானியரான நாகாயும் ஜெர்மானியரான கிளெங்க், ரோட் ஆகியோரும் இவ்வுண்மையை 1976-இல் வெளியிட்டனர். வெட்டும் நொதி ஃபியூரின் என்று பெயர் தெரிந்தது அதன் பின்னரே.

கொடிய வைரஸுக்கும் சாதுவான வைரஸுக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு என்று கேட்டால், விடை நம்மை அஞ்சச் செய்யும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கோழிகளுக்கு ஊறுசெய்யாத ராணிகேத் வைரஸ் ஒன்று உலவிவந்தது. 1998-இல் அங்கே திடீரென்று கொடிய நோய் தோன்றிற்று. வெளிநாட்டிலிருந்து வந்ததோ என்று ஐயுற்றுப் பார்த்தபொழுது, அது உள்நாட்டு வைரஸே என்பது புலனாயிற்று. வெட்டுமிடத்தில் கிளைசின் இருந்த ஓரிடத்தில் ஆர்ஜினினும், லூசின் இருந்த ஓரிடத்தில் ஃபினைல்அலனினும் வந்து அமர்ந்திருந்தன. பதினையாயிரம் எழுத்துகளுள் இரண்டு எழுத்துப் பிழைகள் அதற்குப் போதும். அச்சுக்கோப்பவரின் கைத்தவறுபோன்ற அப்பிழைகள் கோழியின் வேறொரு கத்தரிக்கோலை வைரஸின் பணிக்கு அழைத்துவிட்டன.

உள்ளே நுழைந்துவிட்ட பகைவனைக் கோழியின் உயிரணு சும்மா விட்டுவிடுமா? விடாது. உயிரணுவினுள் காவற்புரதங்கள் உண்டு. வைரஸின் மரபிழை பெருகும்பொழுது தோன்றும் விந்தையான வடிவங்களை அவை மோப்பம் பிடித்து, இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கச் செய்கின்றன. இன்டர்ஃபெரானை லண்டன் நகரின் மில் ஹில் ஆய்வகத்தில் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இருவர் 1957-இல் கண்டறிந்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியதும் கோழிக் கருமுட்டையின் சவ்வையே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஓர் உயிரணு சுரந்த இன்டர்ஃபெரான் பக்கத்து உயிரணுக்களைத் தொட்டால், அவற்றினுள் ஸ்டாட்-1 முதலான தூதுப்புரதங்கள் உட்கருவிற்குச் சென்று, வைரஸைத் தடுக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் மற்ற வீட்டார் கதவைத் தாழிடுவதுபோன்ற ஏற்பாடு இது.

இதனைக் கெடுப்பதற்கென்றே வைரஸ் ஒரு புரதம் செய்கிறது. அதற்கு வி புரதம் என்று பெயர். அதற்கெனத் தனி மரபணு இல்லை. வேறொரு புரதத்துக்குரிய மரபணுவைப் படியெடுக்கும்பொழுது நடுவே ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறது வைரஸ். அதற்குப் பிற்பட்ட வாசகம் முழுதும் மாறி, புதிய புரதம் கிடைக்கிறது. ஏழையின் சிக்கனம் என்பது இதுதான் போலும். இவ்வாறு பிறந்த வி புரதம், எம்.டி.ஏ.-5 என்னும் காவற்புரதத்தைப் பிடித்து வாயடைக்கிறது. ஸ்டாட்-1 தூதனையும் சிதையச் செய்கிறது. காவலாளி கத்தவும் முடியாது. கத்தினாலும் செய்தி போகாது.

வேறு பறவைகளிடம் உள்ள ஒரு காப்பு கோழியிடம் இல்லை. ரிக்-1 என்ற இன்னொரு காவற்புரதம் வாத்துகளிடம் இருக்கிறது. கோழியினம் அதனை இழந்துவிட்டது என்று 2010-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆதலால் எம்.டி.ஏ.-5 ஒன்றையே கோழி பெரிதும் நம்பியிருக்கவேண்டும். அதன் வாயையும் வைரஸ் அடைத்துவிட்டால் நிலைமை என்னாகும்? ராணிகேத் வைரஸ் வாத்துகளின் உடலில் நோயின்றியே பலசமயம் தங்கிப் போவதற்கு இது மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிடலாகாது. ஆனால் வீட்டில் வாத்தையும் கோழியையும் ஒரே தொட்டியில் நீர் பருகவிடுவோர் இதனை மனத்திற்கொள்வது நல்லது.

மனிதனுக்கு என்ன? நம் உயிரணுவிலும் சியாலிக் அமிலம் உண்டு, ஃபியூரினும் உண்டு. இருந்தும் இந்நோய் நம்மைக் கொல்வதில்லை. நோயுற்ற கோழிகளைக் கையாள்வோர்க்கும், தடுப்பு மருந்து போடுவோர்க்கும் சிலநாள் கண் சிவந்து நீர் வடிவதோடு முடிந்துவிடுகிறது. கோழியின் இன்டர்ஃபெரான் அமைப்பை முடக்கும் வி புரதம், மனிதனுடைய அமைப்பிற்கு முன் கையாலாகாமல் நிற்பதே இதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று. பூட்டுக்குப் பூட்டு சாவி வேறுபடுகிறது.

இனித் தடுப்பு மருந்தைப் பற்றிக் கூறவேண்டும். நோய் வந்தபின் வைரஸை நிறுத்த வேண்டுமாயின் கோழியின் ஃபியூரினை அல்லவா நிறுத்தவேண்டும்? அது கோழியையே நிறுத்துவதாகும். எனவே நோய்க்கு மருந்தில்லை, முன்காப்பே உண்டு. மேலே கூறிய சாதுவான வைரஸ்களே அதற்குப் பயன்படுகின்றன. லசோட்டா, எஃப் ஆகிய இனங்கள் அவ்வகையின. ஃபியூரின் வெட்டாத எஃப் புரதத்தையுடைய அவை குஞ்சின் மூச்சுக்குழாயில் சிலநாள் பெருகும், உள்ளுறுப்புகளுக்குள் பரவமாட்டா. அதற்குள் குஞ்சின் உடல், எச்.என். புரதத்தையும் எஃப் புரதத்தையும் அடையாளம் கண்டு, அவற்றைப் பற்றும் எதிர்ப்புரதங்களைச் செய்துகொள்கிறது. பின்னர்க் கொடிய வைரஸ் வந்தால், அது உயிரணுவைத் தொடுமுன்பே அதன் முட்கள் மூடப்பட்டுவிடும்.

முக்தேசுவரத்திலேயே உருவான மற்றொரு தடுப்பு மருந்து உண்டு. கொடிய வைரஸைக் கருமுட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியம் குறைத்து, 1940-களில் அங்குள்ள விஞ்ஞானிகள் அதனை ஆக்கினர். ஆர்-2-பி என்று மருந்தகங்களில் வழங்குவது அதுவே. வியப்பு என்னவென்றால், இதன் எஃப் புரதத்தில் கார அமினோ அமிலங்கள் நெருங்கியே நிற்கின்றன. ஃபியூரின் இதனை வெட்டும்! எனினும் வளர்ந்த கோழியை இது கொல்வதில்லை. கத்தரிக்கோல் ஒன்றே முழுக்கதையன்று, வைரஸின் ஏனைய புரதங்களும் கொடுமையில் பங்கு பெறுகின்றன என்பதற்கு நம் நாட்டு மருந்தே சான்றாய் நிற்கிறது. ஆனால் இளங்குஞ்சுக்கு இது தீங்கு விளைக்கும். எட்டு வாரம் நிரம்பிய பின்பே போடவேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது வெறும் சம்பிரதாயம் அன்று.

பொதுவான முறை இது: குஞ்சு பொரித்து ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணிலோ நாசியிலோ ஒரு சொட்டு எஃப் அல்லது லசோட்டா, சுமார் நான்கு வாரத்தில் குடிநீரில் லசோட்டா, எட்டு வாரத்தில் ஆர்-2-பி ஊசி. இடத்திற்கேற்ப மாற்றம் இருக்கலாம். அவ்வூர்க் கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு. இம்மருந்து உயிருள்ள வைரஸ் என்பதை மறத்தலாகாது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் மிதிவண்டியில் வந்தால், வீடு சேர்வது வெறும் நீர்தான். குடிநீரில் கலப்போர் குளோரின் சேர்த்த குழாய்நீரைத் தவிர்த்து, கிணற்று நீரில் சிறிது கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் கலந்துகொள்வர். இரண்டு மணிநேரம் தாகத்துடன் வைத்திருந்தால் கோழிகள் விரைவாகப் பருகிவிடும். இன்னொன்று: தடுப்பு மருந்து கோழியைச் சாவினின்று காக்கும், ஆனால் கொடிய வைரஸ் அதன் உடலில் சிறிது பெருகி எச்சத்தில் வெளிப்படுவதை முற்றிலும் தடுக்காது. ஆகவே தம் கோழிகள் நலமாயிருக்கின்றனவென்று, பக்கத்து வீட்டார் மருந்து போடாதிருப்பதை நாம் பொருட்படுத்தாமல் விடுதல் தகாது. சந்தையில் வாங்கிய புதுக்கோழியையும் இரண்டு மூன்று வாரமேனும் தனியே கட்டிவைத்தபின் கூட்டத்தில் சேர்ப்பதே முறை.

பனிக்கட்டிக்கு எங்கே போவது என்பது சிற்றூர்களின் நியாயமான கேள்வி. 1966-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வி-4 என்ற சாதுவான இனம் கோழியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, 1980-களில் மலேசியாவில் தீவனத்தில் தோய்த்துக் கொடுத்துப் பார்த்தனர். பிடித்து ஊசி போடவேண்டியதில்லை. கோழி தானே கொத்தித் தின்றுவிடும். நம் நாட்டிலும், சென்னையிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெப்பந்தாங்கும் இனமொன்றைக் கொண்டு குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது. புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போரை எண்ணியே அது செய்யப்பட்டது.

நண்பரின் மனைவியார் அடுத்த ஆண்டு மீண்டும் பத்துக் குஞ்சுகள் வாங்கினார். இம்முறை ஒரு பிளாஸ்கு நிறையப் பனிக்கட்டியுடன் அவரே கால்நடை மருந்தகத்திற்குச் சென்று, "ராணிகேத்" என்று சொல்லி மருந்துக்குப்பியை வாங்கிவந்தார். கழுத்து முறுக்கிய பழைய கோழியும் பிழைத்து, தலையைச் சாய்த்தபடியே இரைபொறுக்கிக் கொண்டிருந்தது; புதுக்குஞ்சுகளை அதன் அருகில் விடாமல் வேறு பஞ்சாரத்தில் வைத்திருந்தார்.